கம்ப்யூட்டருக்கு ஆயுத பூஜை

கம்ப்யூட்டர் பெட்டியைச் சாய்த்ததும் உள்ளேயிருந்து தண்ணீர் கொட்டியது.

செங்குட்டுவன் அவசரமாகப் பெட்டியை நிமிர்த்தினார். சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் கம்பி வெட்டுகிறவர் அவர். ஆயுத பூஜையன்று வீட்டிலுள்ள அத்தனை சாமான்களையும் குளிப்பாட்டிப் பொட்டு வைத்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும். போன வருடம் மிக்ஸியைக் கழுவினார். அன்றிலிருந்து வீட்டில் அம்மிதான். இந்த வருடம் மகள் மதியின் கம்ப்யூட்டர். பாசத்தில் ஒரு குடம் கூடுதலாகவே ஊற்றிவிட்டார்.

உள்ளே மதியின் காலேஜ் புராஜெக்ட் இருந்தது. கம்பியை எப்படி வெட்டினால் துண்டு வீணாகாது என்று கணக்குப் போட்டுச் சொல்லும் புரோகிராம். அப்பன் தொழிலைப் பார்த்தே யோசித்த பெண்! மார்க்கெட்டில் அவர் அதைச் சொல்லிப் பெருமையடிக்காத கடை இல்லை. லீவு முடிந்ததும் காலேஜில் அதைப் போட்டுக் காட்ட வேண்டும். மதியோ தோழியைப் பார்க்க மாதவரம் போயிருந்தாள்.

பெட்டியை மொட்டை மாடி வெயிலில் காயவைத்தார். பிறகு தெருக்கோடி கம்ப்யூட்டர் கடை தௌசீஃபைக் கையோடு இழுத்துவந்தார்.

தௌசீஃப் சுவிட்சைப் போட்டான். உயிர் வந்துவிட்டது! செங்குட்டுவன் கையெடுத்துக் கும்பிட்டார். திரையில் இங்கிலீஷில் ஒரு வரி ஓடியது.

"இன்னா சொல்லுது?"

"ஹார்டு டிஸ்கே இல்லன்னு சொல்லுது நைனா. தண்ணி பூந்து அவுட்டு."

"ஐயோ! அதுலதான்டா எம்பொண்ணு புராஜெக்ட்டு கீது!"

"பேஜாராவாத. படிச்ச பொண்ணு, சி.டி.யில காப்பி எடுத்து வெச்சிருக்கும்."

வைத்திருந்தாள். 'இதுதான் கம்ப்யூட்டருக்கே உசுரு' என்று மதி எப்போதோ சொன்னதால், சாமி படத்தடியில் அந்த சி.டி.க்கு இரண்டு பங்கு சந்தனம் அப்பியிருந்தது.

"இத்த இப்டியே போட்டா மிஷினு காலி. தொடச்சிக் குடு."

செங்குட்டுவன் எதையும் அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை. தேங்காய் நாரும் பாத்திரம் தேய்க்கும் பவுடருமாகக் குழாயடிக்குப் போனார்.

திரும்பி வந்ததும் தௌசீஃப் சி.டி.யை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான்.

"நைனா, இதுல ஒண்ணுமே இல்ல. இது வழியா உம்மூஞ்சிதான் தெரியுது."

அவன் சத்தமில்லாமல் நழுவவும், மதி வாசலில் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. செங்குட்டுவன் அழுதேவிட்டார்.

"கண்ணு, உம்படிப்புல நானே மண்ணள்ளிப் போட்டுட்டேன்!"

மதி ஈரப் பெட்டியைப் பார்த்தாள். தேய்ந்த சி.டி.யையும், அப்பாவின் சந்தனக் கையையும் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது.

"கய்வி முடிச்சிட்டியா நைனா?"

"ம்..."

"பொட்டு வெச்சாச்சா?"

"வெச்சேன் கண்ணு..."

மதி சுவர் மேல் எட்டிப் பார்த்துக் கத்தினாள். "சிலுவக்கா! பூஜ முடிஞ்சிச்சு!"

மாதா படத்துக்கு மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு சிலுவையம்மாள், பழைய பிஸ்கட் டப்பாவோடு வந்தார். உள்ளேயிருந்த துணியைப் பத்திரமாகப் பிரித்தார்.

"இந்தா மதி, நேத்து நீ கயட்டிக் குடுத்த ஹார்டு டிஸ்கு. எங்க வூட்லதான் ஆயுத பூஜையே கெடையாதே, ஒரு சொட்டுத் தண்ணி படல!"