பல்லிக்காகக் காத்திருந்த எக்ஸிட் பிளான்

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்தது சாதனைதான். ஆனால், திண்டுக்கல் பைபாஸ் ஓட்டலின் ஏ.சி. ஹாலில் எங்கள் 'சுபவழி முதலீட்டுக் குழு' தயாரித்த 'எக்ஸிட் பிளா'னுக்கு முன்னால் நெருப்பெல்லாம் சும்மா!

எங்கள் தொழில் புனிதமானது. வீட்டை அடமானம் வைத்தவர் கடனைக் கட்ட முடியாமல் தவிப்பார். வாராக்கடன் என்று பைனான்ஸ் கம்பெனி கைகழுவும். அந்தக் கடனைப் பத்திரத்தோடு சல்லிசாக வாங்குவோம். வீட்டைக் கைப்பற்றி விற்போம்.

"உள்ள போறதுக்கு முன்னாடியே வெளிய வர்ற வழியப் பாத்துறணும்ணே," என்றான் பரணி. ஆன்லைன் வகுப்பில் தேறிய எங்கள் ஆலோசகன். "பிளான் ஏ, கடனாளியே மொத்தமா கட்டுறது."

"கட்ட முடிஞ்சா அவரு எதுக்குப்பா கடனாளி?" என்றேன்.

"அது சும்மா மரியாதைக்கு வைக்கிறதுண்ணே. பிளான் பி-தான் நெசம். வீட்ட வித்துறணும்."

முதல் வீடு எரியோட்டில் அமைந்தது. போர் போடக் கடன் வாங்கி, தண்ணீர் வராமல் நொடித்துப்போன தங்கமுத்து, மூக்காயி தம்பதியின் வீடு. காலி செய்யும் 'நிகழ்ச்சி' மிகக் கண்ணியமாக நடந்தது. பாத்திரம், ஃபேன், இரண்டு ஆடு எல்லாம் ஒரே குட்டியானை வண்டியில் ஏறின. மூக்காயி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். விரல்களை ஒவ்வொன்றாக, நாகரிகமாக எடுத்துவிட்டோம்.

உள்ளறையில் ஒரு மரப்பெட்டி மட்டும் மிச்சம்.

"இதையும் ஏத்துங்க," என்றான் பரணி.

"அய்யய்யோ, சாமிப் பெட்டி அப்பு!" தங்கமுத்து பதறினார். "கொலசாமி நகை, துணியெல்லாம் அதுலதான் இருக்கு. பங்காளிக அம்புட்டுப் பேரும் கூடி உத்தரவு கேக்காம நகத்தக் கூடாது."

"யார்ட்ட கேக்கணும்?"

"சாமிட்டதான். பல்லி சொன்னா எடுக்கலாம்."

வில்லங்கச் சான்றிதழில் பல்லி இல்லை.

வீடு பார்க்க வந்தவர்கள் பெட்டியைக் கண்டதும் செருப்பைக் கழற்றினார்கள், கும்பிட்டார்கள், போயே போனார்கள். ஒட்டன்சத்திரத்து மண்டிக்காரர் மட்டும், "ஏனுங்க, சாமி இருக்கற வீட்ட வித்து உருப்படுவீங்களா?" என்று அக்கறையாக விசாரித்தார். பங்காளிகள் திரண்டு வந்தார்கள். "சாமிய வெளிய தள்ளிருவீகளோ?" தங்கமுத்துவைத் தள்ளிய அன்று அவர்களுக்கு வேறு ஜோலி இருந்தது.

நாங்களும் பயபக்தி உள்ளவர்கள்தான். பல்லி சொல்லும்வரை பெட்டியைத் தொடுவதில்லை என ஏகமனதாகத் தீர்மானித்தோம். 'பல்லி: அனுமதி நிலுவையில்' என்று பரணி லேப்டாப்பில் ஏற்றினான்.

குறித்த நாளில் பங்காளிகளோடு பெட்டி முன்னால் அமர்ந்தோம். விளக்கேற்ற மூக்காயி வந்தார். இப்போது சந்தைப் பக்கம் ஒரு தகரக் கொட்டகையில் ஜாகையாம். எல்லோரும் விட்டத்தை அண்ணாந்து பார்த்தோம். பல்லி வாய் திறக்கவில்லை.

மூக்காயி திரியைத் தூண்டிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஒரு மரப்பெட்டிய நகத்த இம்புட்டுப் பேரு உக்காந்து உத்தரவு கேக்குறீக. எங்க ரெண்டு பேரையும் செத்த நேரத்துல வெளிய தள்ளுனீகளே, அப்ப யார்ட்ட கேட்டீக? அது பாவந்தானே அப்பு?"

விட்டத்தில் பல்லி சொன்னது. கணீரென்று.

"அண்ணே, உத்தரவு கெடச்சிருச்சு!" பரணி துள்ளினான். பங்காளிகள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பெட்டி வேறொரு பங்காளி வீட்டுக்கு மேளதாளத்தோடு கிளம்பியது. மறுவாரமே வீடு விலைபோனது.

பல்லி எந்தக் கேள்விக்குப் பதில் சொன்னது என்பது அங்கிருந்த அத்தனை பேருக்கும் தெரியும். அதனால்தான் மேளத்தை அவ்வளவு சத்தமாக அடிக்கச் சொன்னோம்.