பொரித்த தவளைக்கு இதயம் எங்கே?

குவாகுவா, பம்பாங்கா மாகாணம்
ஞாயிறு, பூசை முடிந்த பின்

பேரன்புள்ள ஃபெலிசிமோ அண்ணனுக்கு,

தம்பி ஹெர்மினியோ வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் நெனிதாவும் பிள்ளைகளும் ஆண்டவர் கிருபையால் நலம். துபாய் வெயிலில் அண்ணனும் அண்ணியும் வாடாமல் இருக்கச் செபமாலை சொல்லி வருகிறோம். நிற்க.

"நாப்பது வயசுல மருந்துக் கம்பெனி வேலைய விட்டுட்டு உயிரியல் வாத்தியார் ஆகப் போறியா, உனக்கென்ன கிறுக்கா?" என்று போனில் கேட்டீர்கள். அன்று கோபப்பட்டேன். இன்று அதே கேள்வியை நானே கேட்டுக்கொள்கிறேன். உங்கள் கம்பெனியில் ஏசி பழுது பார்க்க ஆள் வேண்டும் என்றீர்களே, அந்த இடம் இன்னும் காலியாக இருந்தால் மேனேஜரிடம் சொல்லிப் பிடித்து வையுங்கள். நான் தேறமாட்டேன். ஏன் என்று எழுதுகிறேன், எனக்கே முழுசாகப் புரியவில்லை.

பயிற்சியின் முடிவில் பத்தாம் வகுப்புக்கு ஒரு பாடம் நடத்திக் காட்ட வேண்டும். தேர்வாளர்கள் பின்வரிசையில் உட்கார்ந்து பார்ப்பார்கள். அதில் தேறினால்தான் வாத்தியார். என்னைப் பழக்கும் லக்மன் டீச்சருக்கு ஆரம்பத்திலிருந்தே ஒரே பல்லவி. "வாயத் தொறந்து விடை சொல்லிடாதீங்க சார். பிள்ளைங்களே கண்டுபிடிக்கணும். கேட்டா, நீ என்ன நினைக்கிறன்னு திருப்பிக் கேளுங்க." விடை தெரிந்தவனும் சொல்லக்கூடாது, தெரியாதவனும் சொல்லமாட்டான் என்றால் இருவரையும் எப்படிப் பிரித்தறிவது என்று அவரிடமே கேட்டேன். "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்றார்.

பாடம், தவளையின் உள்ளுறுப்புகள். வயலில் பிடித்த தவளைகள் மந்தமாகட்டும் என்று ஓர் ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டுக் குளிர்பெட்டியில் வைத்திருந்தேன். தேர்வாளர்களை வெறும் வயிற்றோடு அனுப்பினால் நம் ஊருக்கே அவமானம் என்று நெனிதா, நம் ஊர் விருந்து வழக்கப்படி வேறு தவளைகளுக்குள் பன்றிக்கறியும் பூண்டும் அடைத்துத் தைத்து, பொன்னிறமாகப் பொரித்து இன்னொரு டப்பாவில் கொடுத்தாள். அதுவும் ஐஸ்கிரீம் டப்பா. நம் வீடுகளில் ஐஸ்கிரீம் டப்பாவில் ஐஸ்கிரீம் தவிர எல்லாம் இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததா? "சார், எந்த டப்பாவ எங்க வைக்கணும்?" என்று வகுப்புத் தலைவி ஜோனாலின் கேட்டாள். பழக்கதோஷத்தில் நான், "நீ என்ன நினைக்கிற?" என்றுவிட்டேன்.

பாடம் தொடங்கியது. மேசைகளில் பொரித்த தவளை. பிள்ளைகள் அசரவில்லை. சார் யோசித்துத்தான் செய்கிறார் என்று எண்ணி, ஆளுக்கொரு கத்தரியை எடுத்துவிட்டார்கள்.

"சார், இதயத்தக் காணோம். பன்னிக்கறிதான் இருக்கு," என்றாள் ஜோனாலின்.

"நீ என்ன நினைக்கிற?" வேறென்ன சொல்வேன்?

"தவளை பூச்சிதான் தின்னும் சார், பன்னிய முழுங்காது. யாரோ உள்ள இருந்தத எடுத்துட்டு இத வச்சுத் தச்சிருக்காங்க. இந்தா பாருங்க, நூலு."

"இதயம் முன்னங்காலு ரெண்டுக்கும் நடுவுல இருந்திருக்கும்," என்றான் மார்லன். "எங்கம்மா இன்னும் நெறைய பூண்டு போடுவாங்க சார்."

"சார் வீட்டுல செஞ்சதுடா. பேசாமத் தின்னு," என்றாள் ஜோனாலின்.

அதே நேரம் தலைமைத் தேர்வாளர் டாக்டர் பங்கிலினன் அம்மையார், தமக்கு வைத்த டப்பாவில் ஐஸ்கிரீம் என்று நம்பிக் கரண்டியோடு மூடியைத் திறந்தார். குளிர் விட்டிருந்த தவளைகள் அவர் மடியில் இறங்கின. அம்மையார் நாற்காலி மேல் ஏறினார். பிள்ளைகள் துரத்திப் பிடித்து வந்து, துடிக்கிற தொண்டையைத் தொட்டுப் பார்த்து, பொரித்ததன் பக்கத்தில் வைத்து, எது எங்கே இருக்கும் என்று அடித்துக்கொண்டார்கள். மணி அடித்தபோது அறுக்க வேண்டியவை ஜன்னல் வழியே போயிருந்தன. விருந்தாளிக்கு வைத்தது பிள்ளைகள் வயிற்றில் இருந்தது. தேர்வாளர்கள் குறிப்பேடுகளை மூடிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். அவர்களைப் பட்டினி போட்டு அனுப்பியதற்காக நெனிதா என்னோடு பேசுவதில்லை.

அண்ணா, ஒன்று மட்டும் உள்ளபடி சொல்கிறேன். அந்தப் பிள்ளைகள் அடித்துக்கொண்டபோது, தோற்றாலும் பரவாயில்லை, மணி மட்டும் இன்னும் கொஞ்சம் தள்ளி அடிக்கட்டும் என்று நினைத்தேன். ஏசி வேலையில் அப்படித் தோன்றுமா தெரியவில்லை. ஆனாலும் பிடித்து வையுங்கள்.

நம் ஊர் மாதா உங்கள் இருவரையும் தன் மேலாடைக்குள் வைத்துக் காக்கட்டும். அண்ணியை விசாரித்ததாகச் சொல்லவும். ஆசி வேண்டி உங்கள் கையை எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொள்ளும்,

தம்பி,
ஹெர்மினியோ மல்லாரி

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் லக்மன் டீச்சர் வந்தார். நான் தேறிவிட்டேனாம், அதுவும் முதலாவதாக. உள்ளூர்ப் பொருளை வைத்து நடத்தியதற்கு முழு மதிப்பெண்ணாம். 'ஆசிரியர் கடைசிவரை ஒரு விடைகூடச் சொல்லவில்லை' என்று அம்மையார் பாராட்டி எழுதியிருக்கிறாராம். இதே பாடத்தை மாகாண ஆசிரியர்கள் எல்லோர் முன்னும் நடத்த வேண்டுமாம், தவளைகள் குதிப்பது உட்பட. "சரியான நேரத்துக்குக் குதிக்க எப்படி சார் பழக்குனீங்க?" என்று கேட்டார். "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்றேன். மேனேஜரிடம் பேச வேண்டாம். கிறிஸ்துமஸுக்கு நீங்கள் அனுப்பும் பெட்டியில், உள்ளே இருப்பது வெளியே தெரிகிற டப்பா இரண்டு வைத்தால் போதும்.