கழுதைக் கரண்டு

நம் நாட்டில் ஒரு தினுசு மனிதர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ‘வீணாப்போகுதே’க்காரர்கள் என்று நான் பெயர் வைத்திருக்கிறேன். ஓர் எருமை வாலை ஆட்டினால் நீங்களும் நானும் எருமை வாலை ஆட்டுகிறது என்று நினைத்துவிட்டுப் போய்விடுவோம். அவர்களால் முடியாது. அந்த வாலில் ஒரு கயிற்றைக் கட்டி, கயிற்றை ஒரு சக்கரத்தில் மாட்டி, சக்கரத்தை ஒரு டைனமோவில் கோத்தால் ஒரு வீட்டுக்கு விளக்கு எரியாதா என்று நட்டநடு ரோட்டில் நின்று யோசித்து, கடைசியில் உச்சுக்கொட்டி, “எம்புட்டு சக்தி வீணாப் போகுது” என்பார்கள். எருமைக்குச் சொந்தக்காரர் தம்மைத்தான் ஏதோ சொல்கிறார்கள் என்று சண்டைக்கு வருவார்.

இவர்களை அடையாளம் காண்பது சுலபம். சட்டைப் பையில் பேனா இருக்கவேண்டிய இடத்தில் செம்புக் கம்பி இருக்கும். கல்யாண வீட்டுக்குப் போனால் மாப்பிள்ளையைப் பார்க்கமாட்டார்கள். தவில்காரரின் கையைப் பார்ப்பார்கள். தோல்வி என்பது இவர்கள் அகராதியில் கிடையாது. செய்தது நடக்கவில்லையா? “தத்துவம் சரி. பூனைதான் சரியில்லை.” அவ்வளவுதான். அடுத்த பிராணிக்குப் போய்விடுவார்கள்.

இந்த லட்சணங்கள் எல்லாம் குறைவில்லாமல் பொருந்திய ஒருவரை எனக்கு நேரிலேயே தெரியும். பெயர் இன்பராஜ். சிவகாசிப் பக்கம், விஸ்வநத்தத்தைத் தாண்டி ஆவாரங்குளம் என்ற ஊரில் மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். மனைவி பாக்கியவதி, பள்ளிக்கூடத்தை ஒட்டியிருந்த மிஷன் ஆஸ்பத்திரியில் நர்சு. ஆஸ்பத்திரி என்றால் ஒரு அறையும் இரண்டு கட்டிலும். சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகள் பாதிப்பேர் அந்த அம்மாள் கையில்தான் பிறந்தார்கள். நான் சொல்வது ஐம்பதுகளின் நடுவில். சிவகாசியில் கரண்டு வந்துவிட்டது. அச்சாபீசுகளில் இரவும் பகலும் இயந்திரம் ஓடியது. ஆவாரங்குளத்தில் சிம்னி விளக்குதான்.

இன்பராஜ் சார் முதலில் பூனையில் ஆரம்பித்தார். காய்ந்த நாளில் பூனையின் முதுகைச் சீப்பால் தேய்த்தால் பொறி பறக்கும் என்று புஸ்தகத்தில் படித்திருந்தார். பறந்தது. ஆனால் ‘பொறி பறந்தது’ என்ற வார்த்தையை எங்கள் பக்கத்தில் யாரும் சந்தோஷமாகச் சொல்லமாட்டார்கள். பக்கத்துக் கம்பெனியில் மத்தாப்பு காயப்போட்டிருந்தார்கள். பூனை அன்றைக்கே சாக்கில் கட்டி ஊர்கடத்தப்பட்டது.

பிறகு மீன். தொட்டால் சுரீரென்று அடிக்கும் ஒரு வகைத் திருக்கை கடலில் உண்டு என்று கேள்விப்பட்டு, தூத்துக்குடிக்குப் போய், ஒன்றை உயிரோடு தகர டின்னில் கடல் தண்ணீர் ஊற்றி பஸ்ஸில் கொண்டுவந்தார். டின்னுக்குள் என்ன என்று கைவிட்டுப் பார்த்த கண்டக்டரின் வாயிலிருந்து விசில் விழுந்தது. எட்டயபுரம் வருவதற்குள் மீன் செத்துவிட்டது. தத்துவம் சரி, பஸ்தான் சரியில்லை.

பிறகு தொட்டில். ஆஸ்பத்திரியில் தாய்மார்கள் நாள் முழுக்கத் தொட்டில் ஆட்டுகிறார்களே, அந்தச் சக்தி எங்கே போகிறது? சைக்கிள் டைனமோவைத் தொட்டில் கயிற்றோடு இணைத்து, தலைமாட்டில் ஒரு சின்ன பல்பைத் தொங்கவிட்டார். தொட்டில் ஆடினால் பல்பு மினுக்கும். பல்பு மினுக்கினால் பிள்ளை முழிக்கும். பிள்ளை முழித்தால் தொட்டிலை ஆட்டவேண்டும். ஆட்டினால் பல்பு மினுக்கும். இதில் என்ன குறை என்று சார் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. பாக்கியவதி கத்தரிக்கோலை எடுத்துவந்து கம்பியை வெட்டினார்.

கோயிலையும் விட்டுவைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சபையார் அத்தனை பேரும் முழங்கால் போட்டு எழுந்திருக்கிறார்கள், முழங்காலுக்குக் கீழே அமுங்குகிற பலகை வைத்தால் ஜெபம் நீளநீள வெளிச்சமும் நீளும் என்று போதகர் ஐயரவர்களிடம் போய்ச் சொன்னார். ஐயரவர்கள் அடுத்த வாரப் பிரசங்கத்தை அதைப் பற்றியே வைத்தார். பாராட்டி அல்ல.

இதெல்லாம் யாருக்கும் கெடுதல் இல்லாத பைத்தியம் என்று ஊர் சிரித்துக்கொண்டிருந்தது. ஐம்பத்தெட்டில்தான் சிரிப்பு நின்றது.

அந்த வருஷம் மின்சார இலாகா எங்கள் பக்கத்துக்குக் கம்பம் நடுவதாக இருந்தது. ஆனால் கையிலிருந்த கம்பங்கள் ஓர் ஊருக்குத்தான் போதும். ஆவாரங்குளத்துக்கா, அடுத்த ஊருக்கா என்று என்ஜினீயர் நேரில் வந்து பார்த்து முடிவுசெய்வார். ஊர் துடித்தது. துடிக்கக் காரணம் இருந்தது. வீட்டுக்கு வீடு பெண்கள் சிம்னி விளக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தீப்பெட்டிக் கூடு ஒட்டுவார்கள். சுற்றிலும் காகிதமும் கூடு செய்கிற மரச்சில்லுமாகக் கிடக்கும். அந்தச் சித்திரையில் அவர்களில் ஒருத்தியான முருகம்மாளின் முந்தானையில் விளக்குச் சுடர் பிடித்து, வலது கை முழங்கைவரை வெந்துபோயிருந்தது. மருந்து போட்டுக் கட்டியது பாக்கியவதிதான்.

ஊரெல்லாம் கம்பத்துக்குக் காத்திருக்க, இன்பராஜ் சாருக்கு மட்டும் மனத்தாங்கல். எங்கேயோ பாபநாசம் மலையில் விழுகிற தண்ணீரை நம்பி நாம் கையேந்த வேண்டுமா? இங்கே பெத்தணனின் கழுதைகள் மணல் சுமந்த நேரம் போக மிச்ச நேரமெல்லாம் சுவரோரம் சும்மா நிற்கின்றனவே? பள்ளிக்கூடத்துக் கொட்டகையில் செக்கு மாதிரி சுற்றுகிற ஒரு உத்தரம் போட்டார். உடைந்த லாரியின் டைனமோ ஒன்றைச் சிவகாசிப் பழைய இரும்புக்கடையில் பிடித்தார். இரண்டு சைக்கிள் சக்கரம், ஒரு தோல் பெல்ட்டு, லாரி முகவிளக்கின் பல்பு. உத்தரத்தில் இரண்டு கழுதைகள். கழுதை சும்மா நடக்குமா? அதன் மூக்குக்கு முன்னால் காகிதம் தொங்கவிட்டார். சாமி படத்தைத் தொங்கவிட்டால் கலவரம் வரும் என்று காலண்டர் ஓரத்தில் வெட்டிப்போட்ட கலர்த் துண்டுகளாகப் பார்த்துத் தொங்கவிட்டார். வெள்ளைக் காகிதத்தைக் கழுதைகள் திரும்பியும் பார்க்கவில்லை. கலருக்கும் சில நாள் நடந்தன, பல நாள் நின்றன. பல்பு ஒரு தடவைகூட முழுசாக எரியவில்லை.

என்ஜினீயர் வருவதற்கு முந்தின நாள் பஞ்சாயத்துத் தலைவர் சங்கிலிமுத்து, சார் வீட்டுக்கு வந்தார். சுற்றிவளைக்காமல் சொன்னார்.

“சார், நாளைக்கு ஒரு நாள் நீங்க பேசாம இருந்தீகன்னா போதும். ஊருக்கே பெரிய உபகாரம்.”

சார் வாக்குக் கொடுத்தார். பாக்கியவதியிடம் வேதப்புஸ்தகத்தைத் தொட்டு அதே வாக்கைத் தனியாக இன்னொரு தடவை கொடுத்தார். கொடுத்தபோது உண்மையாகத்தான் கொடுத்தார். இந்த இனத்தார் பொய் சொல்லமாட்டார்கள். அதுதான் ஆபத்தே.

என்ஜினீயர் கனகசபாபதி நல்ல மனிதர். தெருத்தெருவாக நடந்தார். முருகம்மாளின் கையைப் பார்த்தார். ஆஸ்பத்திரியில் தொங்கிய அரிக்கேன் விளக்கைப் பார்த்தார். முகம் இளகிவிட்டது. கம்பம் வந்தமாதிரிதான் என்று சங்கிலிமுத்து மூச்சு விட்டார். ஜீப்பில் ஏறப்போனவர், கொட்டகைப் பக்கம் கையைக் காட்டி, அது என்ன என்று சாதாரணமாகக் கேட்டார்.

யாராவது “மாட்டுக் கொட்டகை” என்று சொல்லியிருக்கலாம். சங்கிலிமுத்து சொல்லத்தான் வாயெடுத்தார். அதற்குள் நம்மவர் முன்னே போய்விட்டார். அவருடைய உதடுகள் மூடியே இருந்தன. கொடுத்த வாக்கின்படி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. கழுதைகளை மட்டும் பூட்டினார்.

அன்றைக்கென்று அந்தக் கழுதைகளுக்கு என்ன தோன்றியதோ, நடந்தன. வெறும் நடையில்லை, ஓட்டம். பெல்ட்டு பாடியது, டைனமோ உறுமியது, பல்பு கண்ணைப் பறிக்கிற வெள்ளையாக எரிந்தது. ஊர் முழுக்க வாயைப் பிளந்து நின்றது, சந்தோஷத்தில் அல்ல. கனகசபாபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். தன் காலில் நிற்கிற ஊர் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், இன்றுதான் பார்த்தேன் என்றார். இப்படி வழி தெரிந்த ஊருக்குக் கம்பம் கொடுத்து, வழியில்லாத ஊரை இருட்டில் விட என் மனசாட்சி இடம் தராது என்றார். இன்பராஜ் சாரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஜீப் போயிற்று. கம்பம் அடுத்த ஊருக்குப் போயிற்று.

ஜீப்பின் புழுதி அடங்கும்முன் கழுதைகள் நின்றுவிட்டன.

ஊரார் சாரை அடித்திருப்பார்கள் என்று நினைப்பீர்கள். இல்லை. அதைவிட மோசமாக ஒன்று செய்தார்கள். மறுநாள் சாயங்காலம் முருகம்மாள் தலைமையில் பெண்கள் சில்லும் பசையும் தூக்கிக்கொண்டு வந்து, கொட்டகையில் பல்புக்கு அடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

“கரண்டு நீங்கதான சார். எரிய விடுங்க,” என்றாள் முருகம்மாள்.

கழுதைகளை மணல் வேலைக்கு வேண்டும் என்று பெத்தணன் ஓட்டிக்கொண்டு போய்விட்டார். சார் முருகம்மாளின் கட்டுப் போட்ட கையைப் பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, உத்தரத்தில் நெஞ்சைக் கொடுத்துத் தாமே சுற்ற ஆரம்பித்தார். பல்பில் ஒரு சிவந்த நூல் தெரிந்தது. அன்று மட்டும் அல்ல, தினமும். பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்த தொண்டையில் மூச்சு இரைத்தது. ஒரு பிராணி நடக்கும்போது எதுவும் வீணாகப் போவதில்லை, எல்லாம் அதன் காலிலேயே வலியாக இருக்கிறது என்று அவர் பாக்கியவதியிடம் சொன்னாராம். அந்த அம்மாள் அவர் காலுக்குத் தைலம் தேய்த்தார்.

ஐப்பசியில் ஒரு சாயங்காலம், அடைமழை. வானம் மூடி, பள்ளிக்கூடம் விட்ட நேரத்திலேயே இருட்டாகிவிட்டது. முருகம்மாளின் மகள் மாரித்தாயை இடுப்புவலியோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். பிள்ளைக்குத் தலைக்குப் பதில் கால் முதலில் வந்துகொண்டிருந்தது. சிவகாசிக்குப் போகலாமென்றால் ஓடையில் வெள்ளம். அரிக்கேன் விளக்கில் பாக்கியவதிக்குத் தன் கையே தெரியவில்லை. வாசலுக்கு வந்து கணவரைப் பார்த்து, கேலியோ கோபமோ இல்லாமல், “வெளிச்சம் வேணும்ங்க” என்றார்.

கொட்டகையிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கம்பி இழுத்து, பல்பை அங்கே மாட்டிவிட்டுச் சார் உத்தரத்தைத் தள்ளினார். பல்பில் அதே சிவந்த நூல். போதாது. மழையில் நனைந்துகொண்டே சங்கிலிமுத்து வந்து தோள் கொடுத்தார். பெத்தணன் கழுதைகளை அவிழ்த்துவர ஓடி, அவை வரமாட்டேன் என்று நின்றுவிட, தாமே வந்து தள்ளினார். முருகம்மாள் வெந்த கையை மார்போடு சேர்த்துக்கொண்டு இடது கையால் தள்ளினாள். கூடு ஒட்டுகிற பெண்கள், கம்பெனியிலிருந்து திரும்பிய ஆட்கள், எல்லாரும். நடை தப்பியபோதெல்லாம் வெளிச்சம் மங்கியது. அதனால் சார் ஒரு ஞானப்பாட்டை எடுத்துவிட, இந்துக்களும் கிறிஸ்தவர்களுமாக ராகம் தெரியாமல் தாளத்தை மட்டும் பிடித்துக்கொண்டு சுற்றினார்கள். பல்பு வெள்ளையாக எரிந்தது. உள்ளேயிருந்து பாக்கியவதியின் குரல் மட்டும் வந்தது.

“நிறுத்தாதீக. இன்னும் தையல் இருக்கு.”

பிள்ளை அழுத சத்தம் கேட்டபிறகும் நெடுநேரம் ஊர் சுற்றிக்கொண்டே இருந்தது. பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

மழை விட்டதும் இன்பராஜ் சார் மனைவியையும் அழைத்துக்கொண்டு விருதுநகருக்குப் போய், என்ஜினீயர் முன்னால் நின்றார். தம் வாழ்நாளில் சொல்லாத ஒரு வாக்கியத்தை அங்கே சொன்னார்: தத்துவமே சரியில்லை. பெற்ற பிள்ளையை இல்லையென்று சொல்கிற மாதிரி இருந்தது என்று பிற்பாடு சொன்னார். கனகசபாபதி நம்பவில்லை. பெரிய மனிதர்களிடம் இந்த அடக்கம்தான் அழகு என்று எழுந்து நின்று, காப்பி வரவழைத்தார். சார் மறுபடியும் சொன்னார். என்ஜினீயர் மறுபடியும் நெகிழ்ந்தார். காப்பி ஆறிக்கொண்டிருந்தது. கடைசியில் பாக்கியவதி பேசினார்.

“சார், போன வாரம் எங்க ஊர்ல ஒரு பிள்ளை பிறக்க ஊரே செக்குமாடு மாதிரி சுத்துச்சு. அடுத்த பிரசவம் தையில வருது. நீங்க வந்து தள்ளுறீகளா, கம்பம் தாரீகளா?”

அடுத்த வருஷம் கம்பம் வந்தது. முதல் விளக்கை ஆஸ்பத்திரியில்தான் போட்டார்கள். ஊரே கைதட்டியது. இன்பராஜ் சாரும் தட்டினார். தட்டிக்கொண்டே பல்பைப் பார்த்தார். அதைச் சுற்றி ஈசல் கூட்டம் பறந்துகொண்டிருந்தது. அவருடைய கை மெல்ல நின்றது. கண் வட்டம் போட்டது. பாக்கியவதி அவர் தோளைப் பிடித்துத் திருப்பி வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போனார்.

இந்த இனம் இன்னும் அழியவில்லை. எங்கே இருப்பார்கள் என்று அக்கம்பக்கத்தில் தேட வேண்டாம். இதுவரை படித்துக்கொண்டு வந்தீர்களே, எங்கேயாவது ஓரிடத்தில், ஒரு நொடி, ‘ரெண்டு கழுதைக்குப் பதில் நாலு பூட்டியிருந்தால்?’ என்றோ, ‘சைக்கிள் சக்கரத்துக்குப் பதில் இன்னும் பெரிய சக்கரமாகப் போட்டிருந்தால்?’ என்றோ உங்களுக்குத் தோன்றியதா?

தோன்றியிருந்தால், வீட்டில் உள்ளவர்களிடம் ஒரு கத்தரிக்கோல் வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.