நாய் நடந்தால் விளக்கு எரியும்

விளக்கு மறுபடி அணைந்தது. ஹென்னிங் ப்ரோடர்சன் நாற்காலிமேல் ஏறி, கூரையில் இருந்த அசைவு சென்சாரைப் பார்த்து இரண்டு கையையும் ஆட்டினார். எரிந்தது.

ஜெர்மனியின் ப்ரெமென் நகர ஆய்வகத்தில் அவர் வேலை சுலபம். நீல விளக்கைச் சுற்றி மெல்லிய குழாய், அதற்குள் ஓடும் கரைசல். வெளிச்சம் பட்டால் மறுமுனையில் மலேரியா மருந்துக்கான சரக்கு வரும். படாவிட்டால் போன கரைசலே திரும்பி வரும். மூன்று நாள் விடாமல் ஓட்டிக் காட்டினால்தான் அவர் ஒப்பந்தம் நீளும். அதற்குள் மின்சிக்கனச் சுற்றறிக்கை வந்துவிட்டது: பத்து நிமிடம் அசைவில்லாத அறையில் விளக்கு அணையும். கரைசலைத் தள்ளும் பம்ப் விளக்கு இல்லையே, அது பாட்டுக்கு ஓடியது.

சிக்கன அதிகாரி டாக்டர் க்ளூத்திடம் போனார்.

"அது விளக்கு இல்லைங்க டாக்டர், அடுப்பு மாதிரி."

"வெளிச்சம் வருதா?"

"வருது."

"அப்ப விளக்கு."

"மூடின பெட்டிக்குள்ள இருக்கு. யார் கண்ணுக்கும் தெரியாது."

"யாருமே பார்க்காத விளக்கா? இதை நீங்க வாயத் திறந்து சொல்லியே இருக்கக் கூடாது."

"சரி, மூணு நாளும் நானே நின்னு கையாட்டுறேன்."

"பத்து மணி நேரத்துக்கு மேல ஆட்டினா தொழிலாளர் சட்டம் என்னைப் பிடிக்கும், ஹெர் ப்ரோடர்சன். தவிர, கையாட்டுறது உங்க பணி விவரத்துல இல்லை."

ஹென்னிங் தினமும் கூட்டிவரும் குட்டைக்கால் நாய் ஃபீட்டே அப்போது கொட்டாவி விட்டது. க்ளூத் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். நாயின் வேலை நேரம் பற்றி ஒரு வரி இல்லை.

மூன்று நாள் ஃபீட்டே அறையைச் சுற்றியது. தூங்கும்போதும் கனவில் முயலைத் துரத்திக் காலை உதறியது. சென்சாருக்கு அது போதும். குழாயின் மறுமுனையில் வைத்த ஜாடி மருந்துச் சரக்கால் நிரம்பியது.

'அசைவின் தரம் பெரிதும் பாராட்டத்தக்கது' என்று சிக்கனக் குழு பதிவு செய்தது. ஃபீட்டேயின் கழுத்துப்பட்டையில் சொத்து எண் ஒட்டி, நிரந்தரமாக்கி, தேவை அதிகம் உள்ள நிர்வாக மாடிக்கு மாற்ற உத்தரவு போட்டார்கள். அங்கே காலை முதல் மாலை வரை யாரும் அசைவதில்லை.

ஹென்னிங்குக்குக் கடிதம் வந்தது: 'தேவையான அசைவு கிடைத்துவிட்டதால் தங்கள் ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. சாவியையும் நாயையும் வெள்ளி மதியத்துக்குள் ஒப்படைக்கவும்.'

சாவியை ஒப்படைத்தார். நாயோடு ட்ராம் நிறுத்தத்தில் நின்றபோது போன் அடித்தது.

"ஹெர் ப்ரோடர்சன், மாடி முழுக்க இருட்டு. கொஞ்சம் வந்து கையாட்டிட்டுப் போங்க."

"நீங்களே ஆட்டலாமே, டாக்டர்?"

"என் பணி விவரத்துல இல்லையே."

ட்ராம் வந்தது. ஃபீட்டே வாலை ஆட்டியது. ஹென்னிங் கையை ஆட்டப் போகவில்லை.