பஞ்சு வைத்த வீரம்

தமிழ்நாட்டிலேயே பயம் என்றால் என்னவென்று தெரியாத முதல் கேம் யூடியூபராவது என்று வில்லுக்குறி எபிசன் முடிவெடுத்தது, வீட்டுக்குப் பின்னாலிருக்கும் மோட்டர் புரைக்குப் பயந்துதான்.

மோட்டர் புரை, அதாவது பம்புசெட் அறை, ஒன்றும் அதிக தூரமில்லை. நடுவில் நாலு தென்னை, ஒரு அயனிமரம், அதற்கப்பால் கிணறு. இருட்டுகிற நேரத்தில் போய் சுவிட்சைத் தட்டினால் டேங்க் நிறையும். கல்யாணமான நாள் முதல் அவன் மனைவி பெமிலாதான் போகிறாள். அந்த நேரம் பார்த்து எபிசனுக்குக் கால் முட்டு வலிக்கும். டேங்கில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் சரியாகிவிடும்.

அந்த வாரம் பெமிலா சொல்லிவிட்டாள்.

"எனக்கும் முட்டு வலிக்கி. இனி நீங்க போங்க."

"போலாம். எனக்கு பயமொண்ணும் கெடையாது பிள்ளே."

"பயம்னு நான் சொன்னேனா?"

எபிசன் பேச்சை மாற்ற செல்போனைத் தூக்கினான். அதில் ஒரு திகில் விளையாட்டு ஓடிக்கொண்டிருந்தது. வெளிநாட்டில் யாரோ இரண்டு பேர் வீட்டிலிருந்தே உண்டாக்கியது. தண்ணீர் ஏறிய பழைய வீட்டுக்குள், கையில் விளக்கோடு ஒரு சின்னப் பெண் பலகைக்குப் பலகை தாவி மொட்டைமாடிக்குப் போகவேண்டும். பேய் கண்ணில் படாது. ரத்தம் கிடையாது. சொட்டுச் சொட்டாக ஒரு சத்தம். ஈரக்காலோடு யாரோ பின்னால் வருகிற சத்தம். அவள் நின்றால் அதுவும் நிற்கும். அவ்வளவுதான். அதை விளையாடியவர்கள் பட்ட பாட்டை எபிசன் யூடியூபில் ரசித்து ரசித்துப் பார்த்திருந்தான். தாடிக்காரத் தடியன் ஒருவன் நாற்காலியோடு மல்லாந்தான். ஒருத்தி பாதியில் எழுந்துபோய் வீட்டிலுள்ள எல்லா விளக்கையும் போட்டுவிட்டு வந்தாள். இன்னொருவன் அம்மாவுக்கு போன் போட்டான்.

"இதுக்கா இந்த கத்து கத்துதானுவ? நானா இருந்தா இமை அசையாது."

"அப்ப வெளையாடுங்க."

"லைவ்லயே வெளையாடுவேன். குவைத்துல உனக்க அண்ணன் ஜெபிஷும் பாக்கட்டும். கத்தாம முடிச்சா மோட்டருக்கு நீ போணும். காலம் பூரா."

"கத்தினா?"

"கத்தினாத்தானே."

சனிக்கிழமை பெமிலா கோயிலில் பெண்கள் சங்கத்துக்குப் போயிருந்த சமயம், எபிசன் விளையாட்டை டிவியில் போட்டுத் தனியாக ஒத்திகை பார்த்தான். முதல் சொட்டுக்குத் தாங்கினான். முதல் காலடிக்கு முற்றத்தில் நின்றான். எப்படி வந்தோம் என்று அவனுக்கே நினைவில்லை. ஆனால் மூளைக்காரன். மெல்லத் திரும்பிவந்து டிவி சத்தத்தை அணைத்துப் பார்த்தான். சத்தமில்லாவிட்டால் அது ஒரு பிள்ளை பலகையில் குதிக்கிற படம், வேறொன்றுமில்லை. பார்க்கிறவர்களுக்குச் சத்தம் வேண்டும், தனக்கு வேண்டாம். தலையணையைக் கிழித்தான். இலவம்பஞ்சை இரண்டு காதிலும் திணித்தான். மேலே ஒரு பெரிய ஹெட்போனைச் சும்மா மாட்டிக்கொண்டான். பெரிய பெரிய பிளேயர்கள் எல்லாம் மாட்டுகிறார்களே.

பெமிலா வந்து தரையில் கிடந்த பஞ்சைப் பொறுக்கினாள்.

"தலையணை கிழிஞ்சு கெடக்கு, பாத்தியளா?"

"எலியா இருக்கும்."

"எலிக்கு பஞ்சு எதுக்கு?" என்றாள். பிறகு அதைப்பற்றிப் பேசவில்லை. அப்போதே அவன் பயந்திருக்கவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, மீன்கறியும் சாப்பாடும் முடிந்து, ஜன்னல் திரைகளை இழுத்து ஹாலை இருட்டாக்கினார்கள். பக்கத்து வீட்டு தங்கையனும் அவர் மனைவி செல்லபாயும் பார்க்க வந்தார்கள். கல்யாண ஆல்பத்தில் சாய்த்துவைத்த போனில் லைவ் தொடங்கியது. எபிசன் பஞ்சும் ஹெட்போனுமாகக் கம்பீரமாக உட்கார்ந்தான்.

பெமிலா கையைக் காட்டி நிறுத்திவிட்டுக் கண்ணை மூடினாள். செல்லபாய் முக்காடு போட்டாள். தங்கையன் எழுந்து நின்றார். அந்த வீட்டில் புது மிக்சிக்குக்கூட ஒரு சின்ன ஜெபம் பண்ணாமல் சுவிட்ச் போடுவதில்லை. எபிசன் ஹெட்போனைக் கழற்றினால் பஞ்சு தெரியும். கழற்றாமலே தலை குனிந்தான். ஒற்றைக் கண்ணைத் திறந்து பெமிலாவின் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். சின்ன ஜெபம் கொஞ்சம் நீளமாகத்தான் போயிற்று. உதடு நின்றது, மற்ற வாய்கள் திறந்தன. பிறந்தது முதல் பழகின வாய் அல்லவா, யாருக்கும் பிந்தாமல், எல்லோரையும்விடச் சத்தமாக எபிசன் சொன்னான்:

"ஆமென்."

தங்கையன் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். போனில் குவைத்திலிருந்து ஆமென், மஸ்கட்டிலிருந்து ஆமென் என்று வரிசையாக வந்தது. வாழ்த்துகிறார்கள் என்று எபிசன் பூரித்துப்போனான்.

பிறகு விளையாடினான். ஈரக்காலடி வந்தபோது செல்லபாய் சோபாவில் காலைத் தூக்கிவைத்தாள். தங்கையன் ஜன்னல் திரையைக் கொஞ்சம் விலக்கினார். எபிசனின் முகம் ரேஷன் கார்டு படம்போல அசையாமல் இருந்தது. சின்னப் பெண் மொட்டைமாடிக்குப் போய்ச் சேர்ந்தாள்.

குளிமுறிக்குள் போய்க் கதவைச் சாத்திப் பஞ்சைப் பிடுங்கிவிட்டு நெஞ்சை நிமிர்த்தி வந்தான்.

"கத்தினேனா?"

"இல்ல."

"அப்ப மோட்டர்?"

"மொதல்ல எனக்க போன்ல வீடியோவ பாருங்க. உங்களுக்க முகம் நல்லா விழுந்திருக்கு."

பார்த்தான். பெமிலாவின் குரல் உருக்கமாக வந்தது.

"அன்புள்ள ஆண்டவரே, எனக்க மாப்பிள்ளைக்க முட்டு வலிய நீர் அறிவீர். இந்த வெளையாட்டுல பயந்து கத்திட்டாவன்னா, பாவம், மோட்டருக்கு நானே போய்க்கிடுதேன். பயப்படாம முடிச்சிட்டாவன்னா, அந்தத் தைரியத்த தந்த உமக்கு நன்றியா, ஜீவனுள்ள நாளெல்லாம் அந்தியில இவியளே போவாவன்னு உமக்கு முன்னால பொருத்தனை பண்ணுதாவ."

தொடர்ந்து ஒரு "ஆமென்" வந்தது. ஆல்பத்தில் சாய்ந்திருந்த போனே அதிரும்படியான ஆமென்.

எபிசன் துள்ளி எழுந்தான். "இது செல்லாது. எனக்கு கேக்கல்ல."

"ஏன் கேக்கல்ல?" என்றாள் பெமிலா, ரொம்பப் பிரியமாக.

எபிசன் வாயைத் திறந்தான். தங்கையனும் செல்லபாயும் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். குவைத்து இன்னும் லைவில் இருந்தது. வாயை மூடிக்கொண்டான்.

"பொருத்தனைன்னா ஆண்டவருக்கு குடுத்த வாக்கு, வெளையாட்டில்ல மக்கா," என்று தங்கையன் தோளில் தட்டினார். "தைரியசாலி நீ. போயிட்டு வா."

அந்தி வந்தது. எபிசன் அயனிமரம் வரை போனான். கிணற்றடியில் சொட்டுச் சொட்டாக ஒரு சத்தம். நின்றான். பின்னால் ஒரு காலடியும் நின்றது. எபிசன் கத்திய கத்தில் தென்னையிலிருந்து காக்காய்கள் எழும்பின.

திரும்பிப் பார்த்தால் ஈரக்காலோடு பெமிலா நின்றுகொண்டிருந்தாள்.

"இஞ்சேருங்க," என்றாள். "தலையணையில இன்னும் கொஞ்சம் பஞ்சு கெடக்கு. கொண்டு வரட்டா?"