இறால் ஓடையைக் கடந்தது நான் அல்ல

நம் அம்மாவின் பிடிவாதத்தில் சரிபாதியை வாங்கிக்கொண்டு பிறந்த தம்பி ஆறுக்கு, மீதிப் பாதியை வைத்திருக்கும் அண்ணன் அஞ்சு எழுதுவது.

இங்கே நானும் என் முழங்காலும் ஒருவரையொருவர் சகித்துக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறோம். ஹனோய்க் குளிரில் நீயும் உன் மனைவியும் நீ ஆசிரியராக இருக்கும் ராணுவப் பத்திரிகையும் சுகமாக இருக்கப் பிரார்த்திக்கிறேன். கட்சி உறுப்பினன் பிரார்த்திக்கலாமா என்று கேட்பாய். சரி, விரும்புகிறேன் என்று திருத்திக்கொள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை இறால் ஓடையின் மேல் கட்டிய புதுப் பாலத்தைத் திறக்கிறார்கள். ‘தளபதி நாலு பாலம்’ என்று பித்தளைப் பலகை வேறு. அமெரிக்க ஹெலிகாப்டர்கள் சுட்டுப் பொசுக்கிக்கொண்டிருந்தபோது ஒரு கம்பெனிப் படையையே அக்கரை சேர்த்த அந்த நாலு நான்தானாம். சிவப்பு ரிப்பனை நான் வெட்ட வேண்டுமாம். வெட்ட மாட்டேன். அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டேன். ஏன் என்பதை உன் பத்திரிகையில் ஒரு எழுத்து குறைக்காமல் நீ போட வேண்டும். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

நான் நாலு இல்லை, அஞ்சு என்பது உனக்குத் தெரியும். நம் தெற்கில் தலைச்சன் பிள்ளையை ரெண்டு என்றுதானே கூப்பிடுவோம்? ஒன்று என்று கூப்பிட்டால் பேய் காதில் விழுந்து தூக்கிக்கொண்டு போய்விடுமே! ஆகவே நாலாவதாகப் பிறந்த நான் அஞ்சு, எனக்கு அடுத்த நீ ஆறு. வடக்கிலிருந்து வந்த அரசியல் அதிகாரி லாமுக்கு இது எப்படித் தெரியும்? அவர் ஊரில் நாலாவது பிள்ளை நாலுதான்.

படையை அக்கரை சேர்த்தது நாலக்கா, அதாவது படகுக்கார லுவா. படகுகளை நீர்த்தென்னை ஓலையால் மூடி, அவளும் கூக், சுயென் என்ற இரண்டு பெண்களும் துடுப்புப் போட்டார்கள். அந்தக் கம்பெனியில் ஒரு பிரிவுக்குத் தலைவனான நான் எங்கே இருந்தேன் என்றால், முதல் நாள் தின்ற மீன் ஊறல் வயிற்றைக் கலக்க, இக்கரையில் கெளுத்திக் குளத்தின் மேல் கக்கூஸாகப் போட்டிருந்த பலகையில் குந்திக்கொண்டிருந்தேன். மேலே ஹெலிகாப்டர், கீழே வாயைப் பிளந்துகொண்டு கெளுத்தி, நடுவில் உன் அண்ணன். கடைசி நடையில் கூக்கும் சுயென்னும் குண்டடிபட்டுச் செத்துப்போனார்கள். இரண்டும் சிறுசுகள்.

லாம் முகாமுக்கு வந்து சேர்வதற்குள் லுவா அக்கா பிணங்களைப் படகில் ஏற்றிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டாள்.

“ஓடையைக் கடத்தினது நாலுன்னு பேசிக்கிறாங்க. யாரு அது?” என்றார் லாம். பயல்கள் வாயைத் திறப்பதற்குள் என் பக்கம் திரும்பினார். “தோழரே, நீங்க வீட்டுல எத்தனையாவது?”

“நாலாவதுங்க.”

“அப்ப நீங்கதான் நாலு!”

“ஐயோ, நான் அஞ்சுங்க!”

“இப்பத்தானய்யா நாலாவதுன்னீங்க?”

“பொறந்தது நாலாவது. ஆனா நான் அஞ்சு. அவங்க சொல்ற நாலு லுவா அக்கா.”

லாம் என் தோளைத் தட்டினார். “பாருங்கய்யா, புகழைக் கண்டா எப்படி ஓடுறாருன்னு. இந்த மாதிரி ஆளுதான் கட்சிக்கு வேணும்!”

அன்று தொடங்கிய ஏறுமுகம், தம்பி, அப்புறம் நிற்கவே இல்லை. நான் இல்லை, லுவா என்று எழுதிக் கொடுத்தேன். பெருமையை மக்களுக்கே கொடுக்கிறான் என்று துணைக் கம்பெனித் தலைவன் ஆக்கினார்கள். சுயவிமர்சனக் கூட்டத்தில் எழுந்து, சண்டை நடந்தபோது நான் கக்கூஸில் இருந்தேன் என்று உரக்கச் சொன்னேன். இப்படி ஒளிவுமறைவில்லாத தோழர் உண்டா என்று கைதட்டி மாஸ்கோவுக்குப் படிக்க அனுப்பினார்கள். அங்கே ரஷ்ய ஆசிரியரிடம் சொன்னேன். மொழிபெயர்ப்பாளன் வெட்கப்பட்டுக்கொண்டு கக்கூஸை ‘உயரமான காவல்மேடை’ என்று மாற்றிவிட்டான், அவர் எழுந்து நின்று சல்யூட் வைத்தார். கர்னல் ஆனபிறகு கூக், சுயென் பெயர்களைத் தியாகிகள் கல்லில் சேர்க்கச் சொல்லி மனுப் போட்டேன். படகோட்டியவர்கள் தோழர் நாலின் வீரர்கள் என்று வரலாறு முடிவாகிவிட்டதாம், ஆனாலும் சாதாரண மக்களை மறக்காத தளபதி என்று மேஜர் ஜெனரல் ஆக்கினார்கள். மேஜையைக் குத்தினேன், லெப்டினன்ட் ஜெனரல். வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் கேப்டனாகவே ஓய்வு பெற்று நிம்மதியாக வாத்து மேய்த்திருப்பேன்.

பதவி என்றால் என்ன பெரிய பதவி? என் காரோட்டிதான் எங்கள் கட்சிக் கிளைச் செயலாளர். வெளியே அவர் எனக்குக் கதவைத் திறந்துவிடுவார், உள்ளே கூட்டத்தில் நான் அவர் முன்னால் நின்று என் குறைகளை ஒப்பிப்பேன். ஓய்வுக்குப் பிறகு இங்கே வார்டுக் கிளையில் போட்டார்கள். செயலாளர் யெம், பாலர் பள்ளி ஆசிரியை, என் மகளைவிடச் சின்னவள். போன கூட்டத்தில் நான் பாலத்தைப் பற்றிப் பேச எழுந்தால், “பெரியப்பா, கையைத் தூக்கிட்டுத்தான் பேசணும். முதல்ல உக்காருங்க. நல்ல பிள்ளையில்ல?” என்கிறாள். ஒரு ராணுவ மண்டலத்தையே அதட்டியவன், உட்கார்ந்துவிட்டேன்.

நான் முரண்டு பிடிப்பது மேலே எட்டியதும், மாகாணப் பிரச்சாரத் துணைத் தலைவர் விங் ஒரு டுரியான் பழத்தோடு வீட்டுக்கே வந்துவிட்டார்.

“பெரியப்பா, நிலைக்குழு கைதூக்கி நிறைவேத்தின வரலாறு இது. நீங்களே அங்க இல்லைன்னு சொன்னா எப்படி?”

“நான் அங்க இல்லடா. பலகையில இருந்தேன். வேணும்னா கெளுத்தியைக் கேளு.”

“கிளையில கண்டிப்பு வரும். தளபதிங்க மயானத்துல உங்களுக்குன்னு வச்சிருக்கிற இடமும் போயிடும்.”

“போகட்டுமே! என் வாத்துக் கொட்டகைக்குப் பின்னால அருமையான மண்ணு கெடக்கு. அந்த ரெண்டு பொண்ணுங்களுக்குக் கல்லுல ஒரு வரி கெடையாது, எனக்கு எதுக்குடா பளிங்கு?”

டுரியானை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். அது சரியாகப் பழுக்கவும் இல்லை.

கூக்கின் அம்மா, தியாகியின் தாய் என்று ஒருவர் வாயாலும் கேட்காமலே போய்ச் சேர்ந்தாள். சுயென்னின் அம்மா தொண்ணூறைத் தாண்டியும் இருக்கிறாள். ஜூலையில் தியாகிகள் நாள் அன்று வீடு வீடாக மலர்வளையம் வரும், அவள் வாசலை மட்டும் தாண்டிப் போகும். அவள் வெளியே வந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

ஆகவே தம்பி, அவர்கள் கண்டிக்கட்டும், கட்சி அட்டையைப் பிடுங்கட்டும், நட்சத்திரங்களை ஒவ்வொன்றாகக் கழற்றட்டும். ஞாயிற்றுக்கிழமை நான் கதவைச் சாத்திக்கொண்டு வாத்துக்களோடு இருப்பேன். இந்தக் கடிதத்தை முதல் பக்கத்தில் போடு. உன் நாற்காலி போய்விடும் என்று பயந்தால் கிளம்பி இங்கே வந்துவிடு, மேய்க்க வாத்து நிறைய இருக்கிறது.

உன் மனைவிக்கு என் அன்பு. பேரப்பிள்ளைகள் நீண்ட ஆயுளோடும், எந்தக் குழுவும் கைதூக்கி நிறைவேற்றாத சொந்த வரலாற்றோடும் வாழ ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
கண்டிக்கப்படவிருக்கும் உன் அண்ணன்
ஹுவின் வான் நோன்,
லெப்டினன்ட் ஜெனரல் (ஓய்வு),
அஞ்சு. நாலு அல்ல.

பி.கு.: மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடு. பத்திரிகையிலும் போடாதே. கடிதத்தை ஒட்டுவதற்கு முன் லுவா அக்காவிடம் படித்துக் காட்டலாம் என்று போனேன். வெற்றிலையை மென்றுகொண்டே முழுக்கக் கேட்டாள். பாராட்டுவாள் என்று பார்த்தால், “மறுபடியும் ஒளியிறியா? அன்னிக்குக் குளத்துப் பலகை, இன்னிக்கு வாத்துக் கொட்டகையா?” என்றாள். “நீ போகலைன்னா அந்தக் கத்தரிக்கோல் விங் கைக்குப் போகும். இவ்வளவு காலம் என்னோடதை எல்லாம் நீதானே வாங்கினே? இன்னொரு தடவை வாங்கு. வாங்கின கையோட என்கிட்ட நீட்டு, நான் முன்வரிசையிலதான் நிப்பேன். சுயென் அம்மாவையும் கூட்டிட்டு வரேன். மைக்கை மட்டும் விட்டுடாத. கூக், சுயென்னு கத்து. கத்தத்தானே உனக்குச் சம்பளம் கொடுத்தாங்க?”

ஆகவே போகிறேன். சீருடையை இஸ்திரிக்குக் கொடுத்திருக்கிறேன். மாகாணத் தொலைக்காட்சி நேரடியாகக் காட்டுமாம், நீயும் பார். இதையும் அடக்கம் என்று சொல்லி எனக்கு இன்னொரு நட்சத்திரம் கொடுக்க வந்தார்கள் என்றால், இந்தத் தடவை மறுக்க மாட்டேன். வாங்கி, அந்த மேடையிலேயே லுவா அக்காவின் சட்டையில் குத்திவிடுவேன்.