பாசிக்கு ஒரு விளக்கு

வெள்ளை பல்பு சரிப்படவில்லை. வலையில் பிடிக்க வேண்டிய பாசி, மீன் தொட்டியின் கண்ணாடியில் படர்ந்திருந்தது.

"வெளிச்சம் தப்பான இடத்துல விழுது, அவ்வளவுதான்" என்றார் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். இருபது வருடமாக ஊரார் கண்ணைச் சரிசெய்பவருக்கு வெளிச்சத்தைப் பற்றி யாரும் பாடம் எடுக்க முடியாது.

பல்பு மாட்டியிருந்தது அவரே செய்த வடிகட்டியில். தொட்டித் தண்ணீரை மோட்டார் மேலே ஏற்றும். தண்ணீர் சொரசொரப்பான ஒரு வலைமேல் வழியும். வலைக்கு நல்ல வெளிச்சம் கொடுத்தால் பாசி அங்கேயே வளர்ந்து தண்ணீரின் அழுக்கை உறிஞ்சிக்கொள்ளும். தொட்டி பளிச்சென்று இருக்கும். சரியான விளக்கு அமைய வேண்டியதுதான் பாக்கி.

மனைவிக்குக் கவலை வேறு. தொட்டியில் இருந்த ஒரே ஒரு கறுப்பு மீன், அவளுடைய தம்பி வெளியூர் வேலைக்குப் போகும்போது ஆசையாகக் கொடுத்தது. அவன் விடுமுறையில் வரப்போகிறான்.

அடுத்து, கடைப் பெயர்ப்பலகையின் பெரிய விளக்கைக் கழற்றி வந்து மாட்டினார். வலை காய்ந்து சுருண்டது, அதை வைத்திருந்த பிளாஸ்டிக் டப்பா உருகியது. இருட்டில் கிடந்த கடையைத் தாண்டிப்போன ஒருவர், கண் பரிசோதனைக்குப் பக்கத்து சலூனில் போய் உட்கார்ந்துவிட்டார்.

மூன்றாவதாக, செடி வளர்க்கும் சிவப்பு விளக்கு. இந்த முறை வெளிச்சம் தொட்டிக்குள் கசியாதபடி சுற்றிலும் கறுப்பு அட்டை ஒட்டினார். அட்டை தொட்டியை மறைத்ததே தவிர, கூடத்தை மறைக்கவில்லை. ஜன்னல் சிவந்திருப்பதைப் பார்த்துவிட்டு எதிர்வீட்டுக்காரர் தண்ணீர் வாளியோடு ஓடிவந்தார்.

ஆனால் விளக்கு வேலை செய்தது. வலையில் கம்பளம்போலப் பாசி. தொட்டியோ கண்ணாடி இருப்பதே தெரியாத அளவுக்குத் துல்லியம்.

மீன்தான் மெலிந்துபோனது. போட்ட தீனியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஏங்க, வயிறு ஒட்டிப்போச்சுங்க" என்றாள் மனைவி.

"தண்ணி இன்னும் கொஞ்சம் சுத்தமாகணும்" என்று இரண்டாவது சிவப்பு விளக்கையும் மாட்டினார். தண்ணீர் மேலும் தெளிந்தது; மீன் மேலும் இளைத்தது. பகலெல்லாம் கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு கிடந்தது. "பாத்தியா, சந்தோஷத்துல முத்தம் கொடுக்குது" என்றார்.

மைத்துனன் வந்து சேர்ந்தான். பையைக்கூட இறக்கவிடாமல் அவனைத் தொட்டி முன்னால் நிறுத்தி, வெள்ளை பல்பிலிருந்து கதை முழுவதையும் சொன்னார். வலையிலிருந்து கொத்தாகப் பாசியைச் சுரண்டி, அவன் கண்ணெதிரே குப்பைக்கூடையில் போட்டார்.

"தொட்டிக்குள்ள ஒரு பொட்டுப் பாசி காட்டு பாப்போம்."

அவன் மீனைப் பார்த்தான். குப்பைக்கூடையைப் பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்:

"மாமா, பாசியை மட்டுமே தின்னு தொட்டியைச் சுத்தமா வச்சுக்கும்னுதானே உங்களுக்கு இந்த மீனையே கொடுத்தேன்."